கஹ்வா தட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவர்

நம் கடைத் தம்பிமார்களுக்கு, உங்கள் பழைய கவுண்டர்காரன் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டார்களும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கடையைப் புதுப்பிக்கிற படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். புதுக் கண்ணாடி அலமாரி, புது விளக்கு, எல்லாம் அழகாக இருக்கிறது, மாஷா அல்லாஹ். படங்களுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "காக்கா, செகண்ட் ஹேண்ட் கவுண்டர்ல கஹ்வா தட்டுக்குள்ள ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் கெடக்குதே, மஞ்ச டேப்பு சுத்துனது. பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்துல பாக்க அசிங்கமா இருக்கு. தூக்கிப் போட்டுரலாமா?"

வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல உட்கார்ந்தேன். மூன்று தடவை பேசினேன், மூன்று தடவையும் அழித்துவிட்டேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இதைப் பேசி முடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு நாட்டுத் துப்பாக்கிக் கடையில் புது ரைபிள் விற்பது சுலபம். கம்பெனி பெட்டியில் வருகிறது, பெட்டியோடு போகிறது. செகண்ட் ஹேண்ட் கவுண்டர் அப்படியில்லை. லைசன்ஸ் உள்ளவர் தன் பழைய ரைபிளைக் கொண்டுவருவார். நாம் பார்த்து, நல்லது என்று சொன்னால்தான் அது லைசன்ஸ் உள்ள இன்னொருவர் கைக்குப் போகும். நாம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் அதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு விசையை இழுக்கிறார். அவர் கண்ணுக்கும் உள்ளே வெடிக்கிற வெடிக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் கூட இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நம் ஊரில் அரபி என்றாலே பணக்காரர் என்று நினைப்பார்கள். நம் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், மலைப்பக்கத்தில் ஆடு வளர்க்கிறவர். வெளிநாட்டில் வேட்டைக்கு அனுமதி உள்ள இடத்துக்கு வாழ்நாளில் ஒரு தடவை போய்வர ஆசைப்பட்டு, விலை குறைந்த ரைபிளைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு நாம் தவறு செய்துவிடக் கூடாது.

நான் அந்தக் கவுண்டருக்கு வந்த புதிதில் ஒரு ஓமானி பெரியவர் ஒரு ரைபிளைக் கொண்டுவந்தார். பேரலைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை முழுவதும் கீறல். தோட்டா போடும் மேகஸின் ஆடியது. மேல்பூச்சு மங்கி, பழைய தோசைக்கல் மாதிரி இருந்தது. நான் கையில் வாங்கிய உடனே உதட்டைப் பிதுக்கினேன். பின்னால் ஒர்க்‌ஷாப்பில் பெஷாவர் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். உஸ்தாத் என்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரே பாய், நீங்க மாப்பிள்ளை பாக்கறீங்களா, துப்பாக்கி பாக்கறீங்களா? சட்டைய விட்டுட்டு உள்ள பாருங்க." சொல்லிவிட்டு பேரலைக் காய்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. போல்ட் பூட்டும் இடத்தில் தேய்மானம் இல்லை. அந்த வாரமே அதை வாங்கிப் போனவர், சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சிலிருந்து போன் செய்து நன்றி சொன்னார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். மலிவு ரைபிளில் கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடித்திருப்பது கட்டையில், மேகஸினில், பூச்சில். பேரலிலும் பூட்டிலும் மிச்சம் பிடிக்க மாட்டான், அங்கே பிடித்தால் அவன் கடையை மூட வேண்டியதுதான். மலிவு வேறு, கெட்டது வேறு. இந்தப் பாடம் சரியான பாடம். ஆனால் தம்பிமார்களே, இதே பாடம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது. எந்தக் குறையைப் பார்த்தாலும் "மலிவுச் சாமான், அப்படித்தான் இருக்கும்" என்று என் வாய் தானாகச் சொல்லப் பழகிவிட்டது.

நம் கடையில் அபூ ஹமத் என்று ஒரு பெரிய மனிதர் வருவார். கவர்ன்மெண்டில் நல்ல பதவியில் இருந்தவர். அவர் வந்தால் மேனேஜர் எழுந்து நிற்பார். ஒரு நாள் அவர் தன்னுடைய ஒரு ரைபிளை விற்க வந்தார். விலை குறைந்த ரகம்தான். பாலைவனக் கேம்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் எடுத்துப் போக வைத்திருந்தது. நல்ல ரைபிள்கள் அவரிடம் வேறே இருந்தன.

வழக்கப்படி முதலில் கஹ்வா. பேரீச்சம்பழத் தட்டு, சின்னக் குவளையில் அரபிக் காப்பி. முதல் குவளை முடியும்வரை வியாபாரம் பேசக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். அவர் குடித்துக்கொண்டே ஊர் விசாரித்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். நான் அவருக்கு முன்னால் மேஜைமேல் ரைபிளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

பேரலுக்குள் பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தது, பளபளவென்று மின்னியது. துடைக்கவில்லை. இப்போது உங்களிடம் பேரலுக்குள் விடுகிற சின்னக் கேமரா இருக்கிறது. அன்று எங்களிடம் டார்ச்சும் துணியும் காகிதமும்தான். அந்தத் துணியை நான் எடுக்கவே இல்லை.

பிறகு காகிதம். பில் தாளைக் கிழித்து, முன்பக்கம் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் செருகிப் பின்னோக்கி இழுப்போமே, அது. காகிதம் தடையில்லாமல் போனால் பேரல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு சாண் போனதும் காகிதம் நின்றது. பிளாஸ்டிக் கட்டை ஒரு பக்கம் வளைந்து பேரலைத் தொடுவது மலிவு ரகத்தில் சகஜம். அப்படியென்றால் ஒரு பக்கம்தான் தொடும். நான் காகிதத்தை எடுத்து மறுபக்கம் செருகினேன். அங்கேயும் நின்றது. அதே இடத்தில்.

என் கை தானாக ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. கீழே இரண்டு திருகாணி, அவ்வளவுதான். கட்டையைக் கழற்றிவிட்டால் பேரல் முழுவதும் தெரிந்துவிடும். நான் நிமிர்ந்தேன். அபூ ஹமத் குவளையைப் பாதியில் நிறுத்திவிட்டு என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முகம் சூடாகிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் கொண்டுவந்த பொருளை, அவர் கஹ்வா குடிக்கும்போதே பிரித்துப் பார்ப்பதா? உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி ஆகிவிடாதா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். "மலிவு ரகம், கட்டை கொஞ்சம் வளைந்திருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "நல்லா இருக்கு, பாபா" என்றேன். அவர் சிரித்தார். இன்னொரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த புதன்கிழமை அந்த ரைபிள் விற்றுப்போனது. வாங்கியவர் ராஷித் என்று ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், ராஸ் அல் கைமா மலைப்பக்கத்துக்காரர். வயதான தன் வாப்பாவை ஆப்பிரிக்காவில் ஒரு வேட்டைக் கேம்புக்குக் கூட்டிப்போகிறார். வாப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட முடியாது என்றார். லைசன்ஸ், பயண அனுமதி எல்லாம் கையில் இருந்தது. சனிக்கிழமை விமானம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்து நல்லதுன்னு சொன்னதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை அபூ ஹமத்தின் டிரைவர் கடைக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், கிறிஸ்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன். ரைபிளோடு சேர்ந்த தோல்வார் வீட்டிலேயே கிடந்ததாம், கொடுக்க வந்தார். நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே என்று உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். ரைபிள் விற்றுவிட்டது என்றதும் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு பாய். அது போனதுல எனக்குத்தான் நிம்மதி."

"ஏன், உங்கள என்ன செஞ்சுச்சு அது?"

"போன குளிர்ல கேம்புக்குப் போனோம் பாத்துக்கோங்க. உள்ள போன மண்ண ராத்திரியே தொடச்சு வைக்கறது என் வேல. நான் என்ன செஞ்சேன், கம்பி வச்சு தொடைக்கும்போது கம்பில சுத்துன துணி கழண்டு நட்ட நடுவுல மாட்டிக்கிட்டு. எனக்குத் தெரியாது. காலைல மொதலாளி எடுத்துச் சுட்டாரு. சத்தமே வேற மாதிரி வந்துச்சு. மூணு நாளு தோள அமுக்கிவிட்டது நான்தான். தோட்டா சரியில்லன்னு கடைக்காரன வஞ்சாரு. கருகுன துணி தூரத்துல கெடந்தத நான்தான் பொறக்கி மண்ணுல பொதச்சேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "பாய், இது உங்களோட இருக்கட்டும். என் பேரு வெளிய வந்தா அன்னைக்கே டிக்கெட்டு. மக நர்சிங் படிக்கா."

அவர் போய்விட்டார். நடுப் பேரலில் துணி. அதன்மேல் தோட்டா. அந்த இடத்தில் இரும்பு வெளிப்பக்கம் வீங்கியிருக்கும், மோதிரம் போட்ட மாதிரி. வீங்கிய இரும்பு பலமிழந்த இரும்பு. பத்துத் தடவை தாங்கும், பதினோராவது தடவை பிளக்கும். வீக்கம் சுற்றிலும் இருப்பதால்தான் காகிதம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. உள்ளே எண்ணெயைத் துடைத்திருந்தால் ஒரு கறுப்பு வளையம் தெரிந்திருக்கும்.

மேனேஜரிடம் ஓடினேன். டிரைவரைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ரைபிளில் சந்தேகம் இருக்கிறது, திருப்பி வாங்க வேண்டும் என்றேன். ஹைதராபாத்துக்காரர், நல்லவர்தான், ஆனால் அன்று அவருக்குப் பொறுமை இல்லை.

"மியான், நீங்கதான் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டீங்க. பேப்பர் எல்லாம் மாறியாச்சு. காலஸ், முடிஞ்சுபோச்சு. இப்போ போய் கெட்டதுன்னு சொன்னா, கெட்டத வித்தவர்னு அபூ ஹமத் பேரு கெடும். அவரு நம்ம முதலாளி அர்பாபுக்கு ஒரு போன் போட்டா உங்க விசா என்னாகும், யோசிச்சீங்களா? அவங்க போயிட்டு வரட்டும். வந்ததும் சர்வீஸ்னு சொல்லி வாங்கிப் பாக்கலாம்."

போயிட்டு வரட்டும் என்றார். வருவார்களா என்பதுதான் என் கவலை.

மதியத் தொழுகை, லுஹர் தொழப் போனேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் அந்தக் காகிதம்தான் கண்ணுக்குள் வருகிறது. தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்து ராஷிதுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான்கு தடவை.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து என் வீட்டுக்காரி வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டார். இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தோம், வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"ரெண்டு பக்கமும் காயிதம் நின்னுச்சுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப மேனேஜர்ட்ட எதுக்குங்க கேக்குறீங்க? அந்தப் புள்ளையோட வாப்பா மொகத்துல ஏதும் ஆச்சுன்னா, நம்ம புள்ள நிக்காஹ்ல ஆக்குற சோறு யாருக்கு எறங்கும்? படியளக்கறவன் அல்லாஹ். போங்க."

அவர் எட்டாவதுதான் படித்தவர். ஆனால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். டிரைவர் சொன்னது எனக்குக் கூடுதல் செய்திதான். திறந்து பார்க்கப் போதுமான காரணம் என் கையிலேயே அன்றைக்கு இருந்தது. ஆகவே டிரைவரை இழுக்காமலே முழு உண்மையையும் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த உண்மையில் குற்றவாளி நான்.

ராஷித் போனை எடுக்காததற்கு ஒரு காரணம்தான் தோன்றியது. ரேஞ்சுக்குள் போகிறவர்கள் போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பயணத்துக்கு முன் குறி சரிபார்க்கப் போயிருப்பார். ரேஞ்சின் வரவேற்புக்குப் போன் போட்டேன். ஒரு பிலிப்பினோப் பெண் எடுத்தார். ஆமாம், வந்திருக்கிறார், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் முறை என்றார். "அவங்க ரைபிளைச் சுடக் கூடாது. கடையிலிருந்து பேசறேன். நான் வர்றவரைக்கும் நிறுத்துங்க" என்றேன். காரணம் கேட்டார். பேரல் கெட்டது என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகு மனசு லேசானது. மேனேஜரிடம் போய், ரேஞ்சுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், தடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்தேன்.

ரேஞ்சில் ராஷித் கோபமாக நின்றார். பக்கத்தில் பெஞ்சில் அவர் வாப்பா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், மலைக்காரர்கள் வைத்திருக்கிற சின்னக் கோடரித் தடி மடியில். ரைபிள் மேஜைமேல் இருந்தது. தோட்டா போட்டிருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

"நேத்து நல்லதுன்னீங்க, இன்னைக்குக் கெட்டதுங்கறீங்க. எங்களோட விளையாடறீங்களா?" என்றார் ராஷித்.

நான் இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். கட்டை தனியே வந்தது. பேரலைத் துடைத்து மேஜைமேல் வைத்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ராஷித் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கே?" என்றார்.

பெரியவர் கையை நீட்டினார். பேரலை அவர் மடியில் வைத்தேன். நுனியிலிருந்து பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். நடுப் பேரலுக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்பவும் நுனியிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. மகனின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தார். ராஷிதின் முகம் மாறிவிட்டது. ஆம்புலன்ஸில் எத்தனையோ பேரைத் தூக்கியவர். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது உனக்கு முன்பே தெரியுமா?"

"காகிதம் நின்றது தெரியும். ஏன் நின்றது என்று திறந்து பார்க்கவில்லை."

"ஏன்?"

"விற்க வந்தவர் பெரிய மனிதர். அவருக்கு முன்னால் பிரிக்க வெட்கப்பட்டேன்."

ராஷித் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையமர்த்தினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பேரலைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பெரிய மனிதர் இதை எத்தனை தடவை சுட்டார்?"

"தெரியாது."

"அவருக்கும் கன்னம் இருக்கிறதல்லவா? போய் அவரிடம் சொல்லு."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய மரியாதையைப் பற்றி யோசித்தேன், கோபத்தைப் பற்றி யோசித்தேன், என் விசாவைப் பற்றி யோசித்தேன். அவர் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை.

ரைபிளை முறைப்படி அதிகாரிகளிடம் ஒப்படைத்தோம், அது இனி யார் கைக்கும் போகாது. வாங்கியவருக்குப் பணம் திரும்பிப் போனது. வாப்பாவும் மகனும் சனிக்கிழமை விமானம் ஏறினார்கள். கேம்பிலேயே வாடகைக்கு ரைபிள் கிடைத்ததாம். பெரியவர் ஒன்றும் சுடவில்லை, ஒரு மானைக் குறிவைத்துவிட்டுத் தாழ்த்திவிட்டார் என்று ராஷித் பிறகு சொன்னார். கண் தெரியவில்லையோ, மனசு வரவில்லையோ, கேட்கவில்லை என்றார்.

ரேஞ்சுக்குப் போன மறுநாளே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அபூ ஹமத் வீட்டுக்குப் போனேன். விருந்தினரை உட்காரவைக்கும் மஜ்லிஸில் தனியாக இருந்தார். கஹ்வா ஊற்றிக் கொடுத்தார். முதல் குவளை முடிவதற்குள் விஷயத்தைச் சொன்னவன் அந்த மஜ்லிஸில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காகிதம் நின்றது, நான் மறைத்தது, பேரலில் கண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே டிரைவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

அபூ ஹமத் தாடியைத் தடவிக்கொண்டே ஏதோ எண்ணினார்.

"போன குளிரில் கேம்பில் ஒரு தடவை சத்தமே வேறு மாதிரி வந்தது. அதற்குப் பிறகு நான் ஏழெட்டுத் தடவை சுட்டிருப்பேன். என் மகனும் சுட்டான்." குரல் இறங்கிவிட்டது. "ஹமத் சுட்டான்."

"மன்னிச்சிருங்க பாபா."

"கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததே. ஏன் வைத்துவிட்டாய்?"

"நீங்க பாத்தீங்க. உங்களுக்குக் கோபம்னு நெனச்சேன்."

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கோபமா? நாற்பது வருடமாக ரைபிள் வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் காத்திருந்தேன். நீ வைத்துவிட்டாய். சரி, பிரிக்கவே வேண்டாத அளவுக்கு நல்லதுபோல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன்."

பிறகு திடீரென்று கேட்டார்: "இப்போது எப்படித் தெரிந்தது? யார் சொன்னது?"

வெளியே இன்னும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. "காகிதம் சொன்னது பாபா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னது பொய்யா என்று இன்றைக்கும் சில சமயம் தொழுகைக்குப் பிறகு யோசிப்பதுண்டு. காகிதம் சொன்னது நிஜம். காகிதம் மட்டும்தான் சொன்னதா என்று அவர் கேட்கவில்லை. டிரைவர் அதன் பிறகு நான்கு வருடம் அதே வீட்டில் வேலை பார்த்து, மகளைப் படிக்கவைத்து, ஊருக்குப் போய்விட்டார். மற்றதை அல்லாஹ் மன்னிக்கட்டும்.

என் வேலை போகவில்லை. மேனேஜர் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை, பிறகு பேசினார்.

ஐந்தாறு மாதம் கழித்து அபூ ஹமத் இன்னொரு ரைபிளோடு வந்தார். இது விலை உயர்ந்தது. உட்கார்ந்தார். நான் கஹ்வா தட்டை வைத்து, ஊற்றப் போனேன். அவர் குவளையைக் கையால் மூடினார். என் மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தட்டுக்குள் வைத்தார்.

"முதலில் இது. கஹ்வா பிறகு."

நான் திறந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உஸ்தாதும் வந்து நின்றுகொண்டு, "அரே பாய், மாப்பிள்ளைக்குச் சட்டையக் கழட்டிட்டீங்களே" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த ரைபிளில் ஒரு குறையும் இல்லை. திருப்பி மாட்டிய பிறகு கஹ்வா ஊற்றினேன், கொஞ்சம் ஆறியிருந்தது, அப்படியே குடித்தார்.

அன்றிலிருந்து அது அந்தத் தட்டில் இருக்கிறது. விற்க வருகிறவர் யாராக இருந்தாலும், ரைபிள் என்ன விலையாக இருந்தாலும், முதலில் அதுதான் கண்ணில் படும். யாரும் இதுவரை கோபித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே தம்பி, தூக்கிப் போட வேண்டாம். தட்டைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், குவளைகளை மாற்றிக்கொள்ளுங்கள். டேப் பிசுபிசுத்திருந்தால் பிரித்துவிட்டு வேறு சுற்றுங்கள், அது நான் சுற்றியதுதான். நுனி தேய்ந்திருந்தால் அதே அளவில் வேறொன்று வையுங்கள். கேமரா வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். எனக்கும் அன்று காகிதம் சொல்லத்தான் செய்தது.

எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர் குவளையைப் பாதியில் நிறுத்திவிட்டு உங்கள் கையைப் பார்ப்பார். உங்களுக்கு முகம் சூடாகும். அவர் என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, முதல் திருகாணியைக் கழற்றுங்கள்.